ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று சொன்னார்கள்: அதற்குப் பிறகு நடந்தவை

காசை வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத ஆளைப் போலீஸ் ஏன் தொடமாட்டேன் என்கிறது என்று எரிச்சலில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அதே எரிச்சலில்தான் பல மாதம் இருந்தேன்.

கோவையில் புது வீட்டுக்குக் கிச்சன் கபோர்டு, இரண்டு வார்ட்ரோப், பூஜை அலமாரி எல்லாம் பேசி ஒரு கான்ட்ராக்டருக்கு 3,40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். வந்தார், அளவெடுத்தார், ப்ளைவுட் இறக்கினார், கிச்சனில் பாதிக்கு ஃபிரேம் அடித்தார், அப்புறம் ஆளைக் காணோம். போன் போட்டால் தச்சர் ஊருக்குப் போயிருக்கிறார், மில்லில் லோடு வரவில்லை, அடுத்த வாரம் கண்டிப்பா சார். கடைசியில் போனையும் எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் மனு கொடுத்தேன், மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால், முதலில் விசாரிக்கிறோம் என்றார்கள். புகாரிலேயே குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு இருக்கிறதே என்று நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஆனால் அதே தீர்ப்பு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல் மாதிரியான விஷயங்களில் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்றும் சொல்கிறது, அதை அந்த எஸ்.ஐ. என்னைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

விசாரணைக்கு வந்த கான்ட்ராக்டர் கையில் ஒரு பில். நான் பணம் போட்ட அதே வாரத்தில் ப்ளைவுட்டும் மைக்காவும் வாங்கிய பில், ஜி.எஸ்.டி. எண்ணோடு. அதைப் பார்த்ததும் எஸ்.ஐ. பேச்சை முடித்துவிட்டார். "சார், இவர் ஏமாத்தணும்னு காசு வாங்கல, வாங்கிட்டு முடிக்க முடியல. இது சிவில் மேட்டர்." எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு அவர் விலைபோய்விட்டார் என்றுதான் நினைத்தேன், அப்படி நினைக்காதவர் யார்?

தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் என் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். நம் ஊரில் இன்னும் நானூத்தி இருபது என்று சொல்கிற மோசடிப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. எண் மாறினாலும், 1860-ல் எழுதிய உதாரணங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடி பற்றியது. ஒருவன் அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லை என்றால் அது மோசடி. வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு தராமல் போனால் மோசடி இல்லை, சிவில் வழக்கு மட்டும்தான். அவுரியை எடுத்துவிட்டுக் கிச்சன் கபோர்டு என்று போட்டால் என் கேஸ். உச்ச நீதிமன்றமும் 2000-ல் ஒரு பீகார் வழக்கில் இதையேதான் சொன்னதாம்: வாக்குக் கொடுத்த அந்த நேரத்தில் நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், பிறகு வாக்குத் தவறியதை மட்டும் வைத்து அந்த எண்ணத்தை ஊகிக்கக் கூடாது.

மனசுக்குள் இருப்பதை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அவர் பதிலுக்கு வரிசையாகக் கேள்வி கேட்டார். கடை முகவரி நிஜமா? இதற்கு முன்னால் யாருக்காவது வேலை முடித்துக் கொடுத்திருக்கிறாரா? அதே சமயத்தில் பத்துப் பேரிடம் வசூல் பண்ணினாரா? உங்கள் பணம் கைக்கு வந்ததும் எங்கே போனது? பொய்ப் பெயர், இல்லாத பட்டறை, வேறு வீட்டின் போட்டோவைத் தன் வேலை என்று காட்டியது, இப்படி ஏதாவது இருந்தால் எண்ணம் தானாக வெளியே வரும். என்னிடம் அதில் ஒன்றுகூட இல்லை, அவரிடமோ ப்ளைவுட் பில் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு திருப்பம். ஸ்டேஷன் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, பிரச்சினையை முடிக்கலாம் என்று அவராகவே 1,50,000 ரூபாய்க்கு ஒரு செக் எழுதிக் கொடுத்திருந்தார். வங்கியில் போட்டேன், கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. வக்கீலம்மா முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார், அதுவும் என் வங்கிக் கிளை இருக்கிற ஊரிலேயே போடலாம். தேதி தவறினால் கதை கந்தல், இதில் மட்டும் கவனமாக இருங்கள் என்றார்.

வேடிக்கை என்னவென்றால், செக் திரும்பினால் பாய்கிற மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவும் கிரிமினல்தான், இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் இங்கே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று யாரும் தேடவே இல்லை. இன்னொரு கஸ்டமரிடமிருந்து பணம் வந்துவிடும் என்று நம்பித்தான் செக் கொடுத்தேன் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் செக் திரும்பும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கவில்லை என்பது ஒரு வாதமே ஆகாது என்று 140-வது பிரிவு நேரடியாகச் சொல்கிறது. இந்தக் கடனே இல்லை, செக் வேறு எதற்கோ கொடுத்தது என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கும் வழியில்லாமல், சில வாய்தாவுக்குப் பிறகு சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் இரண்டு தவணையாகக் கட்டச் சம்மதித்தார், கட்டியும்விட்டார்.

மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலும் போடலாம். நான் எழுதிய வரைவு மனுவில் "திட்டமிட்டு ஏமாற்றினார்" என்று பத்தி பத்தியாக இருந்தது. வக்கீலம்மா அத்தனையையும் பேனாவால் அடித்தார். மோசடி, ஏமாற்று என்று கிரிமினல் குற்றச்சாட்டு வைத்தால் அதை ஆணையம் தன் சுருக்க விசாரணையில், அதாவது சாட்சிகளை விரிவாக விசாரிக்காத முறையில், தீர்மானிக்க முடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நாமே எதிராளிக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாம் என்றார். ஸ்டேஷனில் எதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதோ அதை இங்கே வாயே திறக்கக் கூடாது. பேசிய வேலை என்ன, கொடுத்த பணம் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு, முடியாததால் எனக்கு என்ன நஷ்டம், அவ்வளவுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவும் இதே ரகம், நல்ல மனசோடு தவறினாலும் நஷ்டஈடு நஷ்டஈடுதான். (கொடுக்கும்போதே செய்யும் எண்ணம் இல்லாத வாக்குறுதியை ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவும் மோசடி என்கிறது, ஆனால் அதைச் சொன்னால் நிரூபிக்கும் சுமை நம் தலையில்.)

இப்போது அவர் பதில் மனு போட்டிருக்கிறார். பாதிக்கு மேல் தன் நாணயத்தைப் பற்றித்தான், எனக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்று நாலு இடத்தில் வருகிறது. இதற்கு என்ன பதில் எழுத என்று கேட்டேன். "அதுக்குப் பதிலே வேண்டாம், மிச்ச வேலையை முடிச்ச தச்சரோட பில்லையும் போட்டோவையும் அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன்.