படியில தலை தட்டுத மாதிரிதான் கெய்ன்

போன டிசம்பர்ல எங்க பாளையங்கோட்டையில கேரல் சர்வீஸுக்கு ப்ராக்டிஸ் நடந்துட்டு இருந்துச்சு. சித்தப்பா மகன் புதுசா ஒரு ஆம்ப் மாடலர் (பல கிட்டார் ஆம்ப்ளிஃபையர் சத்தத்த டிஜிட்டலா உள்ள வச்சிருக்க பெட்டி) வாங்கிட்டு வந்திருந்தான், வீட்டு மாடியில ஹெட்ஃபோன மாட்டிட்டு ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து ப்ரீசெட் (சேமிச்சு வைக்க செட்டிங்) செஞ்சிருக்கான். ஹெட்ஃபோன்ல நானும் கேட்டேன், நெசமாவே பிரமாதமா இருந்துச்சு, ஒரு ஆளு வாசிச்சாலே காது நிறைஞ்சு போச்சு. ஆனா சர்ச்சில ட்ரம்ஸ், பேஸ், ரெண்டு கீபோர்டு, முப்பது பேர் கொயர் எல்லாம் சேந்து பாட ஆரம்பிச்சதும் இவன் கிட்டார் எங்க போச்சுன்னே தெரியல. "அண்ணாச்சி, கிட்டார் கொஞ்சம் ஏத்துங்க"ன்னு மிக்சர் பாக்குத அண்ணாச்சிகிட்ட மூணு தடவ கேட்டுட்டான், அவரும் முகம் சுளிக்காம ஏத்தித்தான் குடுத்தாரு, ஏத்த ஏத்த ஒரு இரைச்சல் கூடுதே தவிர தந்திய அடிக்க சத்தம் வரல. கடைசில என்கிட்ட திரும்பி "அண்ணே, கெய்ன இன்னும் கூட்டிப் பாக்கவா"ன்னான். எட்டுல இருந்துச்சு அப்பவே. "எல, கூட்டாத, பாதியாக் கொற"ன்னேன். அவன் நம்பவே இல்ல. நம்ம பக்கத்துல இப்ப நெறைய பயலுவ மாடலர் வாங்குதாங்க, எல்லாருக்கும் இதே இடத்துலதான் இடறுதுங்கதால அன்னைக்கு அவனுக்குச் சொன்னத கொஞ்சம் விரிவா எழுதுதேன்.

கெய்ன்னா சத்தம் கூட்டுறதுன்னுதான் முதல்ல எல்லாரும் நினைக்கோம். எங்க ஆச்சி படியில நெல்லு அளக்கத நான் சின்னதுல பாத்திருக்கேன், கும்பமா குவிஞ்சு நிக்கத கையால ஒரு தடவு தடவி சமமாக்குவாவ, தலை தட்டுததுன்னு சொல்லுவாவ. ஆம்புக்குள்ள நடக்கது அதேதான். சத்தத்தப் பெருக்குத ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரு படி, அது கொள்ளுத அளவு அவ்வளவுதான். கெய்ன் நாப் (திருகு) எவ்வளவு கொட்டுதோம்ங்கத முடிவு பண்ணுது. படி நிறைஞ்ச பெறவும் கொட்டுனா உயரம் கூடாது, அலையோட தலை தட்டப்பட்டு தட்டையாவுது. அந்தத் தட்டை ஆகுத எடத்துலதான் புதுசா ஹார்மோனிக்ஸ் பிறக்குது, கீழ் ஈ தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ்னா அதோட ரெண்டு மடங்கு மூணு மடங்கு நாலு மடங்குன்னு மேல மேல ஏறுது, அததான் நாம ஓவர்டிரைவ்னு ரசிக்கோம். ஆச்சி மாதிரி கையால பையத் தடவுனா ஓரம் உருண்டையா இருக்கும், அது ட்யூப் ஆம்ப் (கண்ணாடி வால்வு வச்சது) மெதுவா உடையத சத்தம். குச்சிய வச்சு ஒரே இழுப்பா இழுத்தா ஓரம் கூர்மையா நிக்கும், அது ஃபஸ், டிஸ்டார்ஷன்னு சொல்லுத கரகரப்பான பக்கம்.

இதுல இன்னொண்ணும் சேந்து நடக்கு, இதுதான் என் தம்பிக்கு வினையானது. பலமா அடிச்ச நோட்டு ஏற்கனவே நிறைஞ்ச படி, அது உயராது. மெதுவா அடிச்ச நோட்டு மட்டும் கெய்ன் கூடக்கூட மேல ஏறி அதுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அப்பம் பலமா அடிக்கதுக்கும் மெதுவா அடிக்கதுக்கும் வித்தியாசமே இல்லாமப் போவுது. பிக் தந்தியில படுத அந்த 'டக்' இருக்குல்லா, கூட்டத்துக்குள்ள நம்ம கிட்டார அடையாளம் காட்டுதது அதுதான், அது முதல்ல செத்துரும். மிச்சம் இருக்க மேல் ஹார்மோனிக்ஸ் எல்லாம் சிம்பல் சத்தத்தோடயும் கீபோர்டு ஸ்ட்ரிங்ஸோடயும் ஒண்ணாக் கலந்துரும். தனியா ஹெட்ஃபோன்ல கேக்கும்போது எதிராளி யாரும் இல்ல, அதனால பெருசாத் தெரியும்.

அப்புறம் கார்டு. பவர் கார்டுல மூல ஸ்வரமும் அஞ்சாவதும் மட்டும், ரெண்டுக்கும் விகிதம் 3:2, தலை தட்டும்போது பிறக்க உபரி சத்தம் எல்லாம் அந்தக் கார்டுக்கு சொந்தக்கார சத்தமாத்தான் வரும். நாம சர்ச்சில வாசிக்கது முழு மேஜர் கார்டு, அதுல மூணாவது ஸ்வரம் இருக்கு, கிட்டார் ஃப்ரெட்டுல அது சுத்தமான 5:4 விகிதத்த விட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கூடுதலா நிக்கு, அஞ்சாவதோ ரெண்டு சென்ட்தான் தள்ளி இருக்கு. க்ளீன்ல, அதாவது உடையாத சத்தத்துல, அந்த 14 சென்ட் அவ்வளவா காதுல உறுத்தாது. கெய்ன் ஏறுனா அந்த வித்தியாசம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி கூழாயிரும். தம்பியோட ஜி கார்டு அப்படித்தான் இருந்துச்சு, ஆறு தந்தியும் சேந்து ஒரு உறுமல்.

இப்பம் மாடலர்ல எந்த நாப் எதுக்குன்னு வருதேன். பழைய ஃபெண்டர் ட்வின், மார்ஷல் ப்ளெக்ஸி மாதிரி ஆம்ப்ல மாஸ்டர் வால்யூமே கிடையாது, வால்யூம்தான் கெய்ன், உடையணும்னா சத்தத்தக் கூட்டியே ஆகணும். மார்ஷல்லயே 1981-ல வந்த ஜேசிஎம்800 சீரிஸோட 2203 மாடல்ல ப்ரீஆம்ப் (ஆம்போட முன்பகுதி) வால்யூம் தனி, மாஸ்டர் வால்யூம் தனி, ப்ரீஆம்பை நிறைச்சுட்டு மாஸ்டர்ல அடக்கி வாசிக்கலாம். மாடலர்ல இதெல்லாத்தையும் அப்படியே எடுத்து வச்சிருக்காங்க, அதனால ஒரு மாடல்ல இருக்க அஞ்சும் இன்னொரு மாடல்ல இருக்க அஞ்சும் ஒண்ணு இல்ல, எண்ணப் பாத்து செட் பண்ணாதீங்க. மாஸ்டர்ங்கது பவர் ஆம்புக்கு (கடைசியா ஸ்பீக்கர ஓட்டுத பகுதி) எவ்வளவு கொட்டுதோம்ங்கது, அதும் சத்தத்தோட குணத்த மாத்தும். ஹீலிக்ஸ் மாடலர்ல சேனல் வால்யூம்னு ஒண்ணு தனியா இருக்கும், அது டோனத் தொடாம அளவ மட்டும் ஏத்தி இறக்கும். பேண்டுக்குள்ள கேக்கலன்னா தொட வேண்டியது அதத்தான். தம்பி அது பக்கமே போவாம சத்தம் வேணும்னு கெய்ன ஏத்திட்டே இருந்திருக்கான்.

ஓவர்டிரைவ் பெடல் மாடலும் எல்லா மாடலர்லயும் கெடக்கு, அதுல ட்யூப் ஸ்க்ரீமர் வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ட்ரைவ், டோன், லெவல்னு மூணே நாப். ட்ரைவ ஜீரோல வச்சா அது சும்மா இருக்குன்னு நினைக்காதீங்க, அந்த சர்க்யூட்ல ரெசிஸ்டர் கணக்குப் பாத்தா ஜீரோலயே ஏறக்குறைய 12 மடங்கு, முழுசா வச்சா 118 மடங்கு. அதுவும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்க பேஸ அது அவ்வளவா பெருக்காது, அதனால நடுப்பகுதி மட்டும் முன்னாடி துருத்திட்டு வரும். ட்ரைவ் ஜீரோ, லெவல் முக்கால்வாசி, இப்படி வச்சு ஏற்கனவே லேசா உடையுத ஆம்புக்கு முன்னால போட்டுப் பாருங்க, ஆம்ப் கெய்ன கூட்டுனா வருத கொழகொழப்பு இல்லாம தந்தி தந்தியா எடுத்துக் குடுக்கும். எங்க தள்ளுதோம்ங்கதுலதான் அத்தனையும் இருக்கு, எவ்வளவு தள்ளுதோம்ங்கதுல இல்ல.

அன்னைக்கு இன்னொரு தொல்ல, ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். அவனோடது சிங்கிள் காயில் கிட்டார் (பிக்கப்ல ஒத்தக் கம்பிச் சுருள், இரைச்சல ஈசியா இழுக்கும்), பின்னால சுவரு முழுக்க சீரியல் செட் லைட்டு, கெய்ன் கிட்டார் சத்தத்த மட்டுமா பெருக்கும், கரண்ட்ல இருந்து வருத 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேத்துத்தான் பெருக்கும். நாய்ஸ் கேட்ட (சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா அடைச்சுருதது) இறுக்கி வச்சிருந்தான், அது பாட்டோட கடைசி நோட்ட பாதியிலேயே அறுத்துருச்சு. நான் அவன அப்படியே கொஞ்சம் பீடத்தப் பாத்துத் திரும்பி நிக்கச் சொன்னேன், பாதி இரைச்சல் அடங்கிருச்சு. கெய்ன கொறச்சதும் மீதியும் போச்சு, கேட்டே தேவைப்படல.

நான் செட் பண்ணுத முறை இதுதான். வாசிக்கப் போற சத்தத்துலயே ஸ்பீக்கர்ல வச்சுதான் செட் பண்ணணும், ஏன்னா கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கொறச்சலாத்தான் விழும், அதனால வீட்டுல ரெண்டையும் கூட்டி வச்சுட்டு வருவோம், இங்க வந்தா அடிவயிறும் காதும் சேந்து வலிக்கும். கேப் சிம் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி வழியா வருத மாதிரி சத்தத்த மாத்துதது) ஆன்ல இருக்கான்னு பாத்துக்கிடுங்க, அது இல்லாம உடைஞ்ச சத்தம் நேரா மிக்சருக்குப் போனா கொசு மாதிரி கத்தும், கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானாவே சரிஞ்சுரும், பெரிய பிஏ ஸ்பீக்கர் சரியாது. பெறவு கிட்டார் வால்யூம் பத்து, ஆம்ப் கெய்ன் சுத்தமா ஜீரோ. அங்கன இருந்து பைய ஏத்திட்டே வாங்க, பலமா அடிச்சா உடையணும், விரலால மெதுவாத் தொட்டா க்ளீனா இருக்கணும், அந்த எல்லையில நிறுத்துங்க. சத்தம் பத்தலன்னா சேனல் வால்யூம். ரெண்டு ப்ரீசெட்ட ஒப்பிடும்போது ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் ஒப்பிடணும், கொஞ்சம் கூடுதலா கேக்கதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிரும்.

அவனோட கெய்ன் கடைசில மூணரையில வந்து நின்னுச்சு. ஸ்க்ரீமர் ட்ரைவ் ஜீரோ, மிட் ஆறு. மூணாவது சரணத்துக்கு கொயர் மட்டும் பாடும்போது கிட்டார் வால்யூம அஞ்சுக்கு இறக்கச் சொன்னேன், அதுலேயே க்ளீன் ஆயிருச்சு, காலால பெடல மிதிக்க வேலையே இல்ல. பல்லவிக்குத் திரும்பவும் பத்துக்கு ஏத்தி அந்த ஜி கார்ட அடிச்சான், நடுவுல இருக்க மூணாவது ஸ்வரம் தனியா கேட்டுச்சு, அவன் சட்டுனு நிமிந்து என்னப் பாத்தான். மிக்சர் அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல, முன்னால ஏத்தி வச்சிருந்த ஃபேடர கையால பையக் கீழ இறக்கிட்டாரு, அப்பவும் கேட்டுச்சு.