சம்பவத்திரட்டில் ஏறாதவை

யூலை 8, செவ்வாய்

திருகோணமலை ஆசிரியர் மத்திய நிலையத்தில் செயலமர்வு தொடங்கியது. கடிதத்தில் இருந்த தலைப்பு 'சமூக ஒருங்கிணைவு'. நான் பலகையில் 'வகுப்பறையில் இனவாதம்' என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு சேர் உடனே, "எங்கட பள்ளிக்கூடத்தில அப்படி ஒண்டும் இல்ல" என்றார். வளவாளராகப் போகும் இடமெல்லாம் எனக்குக் கிடைக்கிற வரவேற்பு இதுதான்.

வாதாடவில்லை. ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, இந்த வருடம் காதில் விழுந்த ஒன்றைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். தேநீர் வருவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. முஸ்லிமுக்குத் 'தொப்பி', தமிழருக்குப் 'புலி', மலையகத் தமிழருக்குக் 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்'. வெருகல் பக்கத்துப் பிள்ளை ஒன்றை 'வேடன்' என்று சொல்லித் தங்கள் தண்ணீர்ப் போத்தலைத் தொடவிடாத தரம் 5. தமிழ்ப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், தான் தமிழில் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் பையன்கள் மேசையில் தட்டிச் சிரிப்பதை எழுதியிருந்தார். அந்தத் துண்டை வாசித்தபோது தமிழ் ஆசிரியர்கள் பக்கம் கொஞ்சம் அமைதி. அடிவாங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று பேசியே பழகிவிட்டோம்.

2012 குடிசன மதிப்பின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 40 பேரளவில் முஸ்லிம்கள், 30 பேரளவில் தமிழர், 27 பேரளவில் சிங்களவர். சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் மூன்று தரப்பும் தோளோடு தோள் இடிக்கிறோம். பள்ளிக்கூடம் மட்டும் பெரும்பாலும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கிறது. மற்ற இனப் பிள்ளையோடு ஒருநாளும் ஒரே வாங்கில் இருக்காமலே இங்கே ஒரு பிள்ளை உயர்தரம் வரை முடித்துவிடலாம்.

யூலை 11, வெள்ளி

நிகழ்ச்சி நிரலில் பகல் 1.30 வரை இடைவெளியே இல்லை. கிண்ணியா, மூதூர் ஆசிரியர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டாமா என்று கேட்டால், மண்டபம் அன்றுதான் கிடைத்தது என்று பதில். இனவாதத்தைப் பற்றிய செயலமர்வுக்கே இந்த நிலை! 11.45க்கு நிறுத்திவிட்டு, மிச்சத்தை இரண்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொண்டோம்.

காலையில் நடித்துப் பார்த்தோம். தரம் 8. நீங்கள் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் மற்றவனைத் 'தொப்பி' என்கிறான். அடுத்த நிமிடம் என்ன செய்வீர்கள்?

"ஒரு அறை விட்டாச் சரி" என்றார் மூத்த சேர் ஒருவர். பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று 2005லேயே சுற்றறிக்கை வந்துவிட்டதை ஒருவர் நினைவுபடுத்தினார். அதை விட்டாலும், அறை வாங்கினவன் அந்தச் சொல்லை மைதானத்தில் போய்ச் சொல்வான், அவ்வளவுதான். இன்னொருவர் கேட்காதது மாதிரி இருந்துவிடுவேன் என்றார். உண்மையைச் சொன்னாரே, அதுவே பெரிது. மூன்றாமவர் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகொடுக்க வைப்பதாகச் சொன்னதும் கிண்ணியா டீச்சர் எழும்பினார்: "பேச்சு வாங்கினவன் ஏன் சேர் கை குடுக்கணும்? அவன் என்ன செஞ்சான்?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அங்கிருந்துதான் பேச்சு சூடுபிடித்தது. கடைசியில் வந்து நின்ற இடம் இது. அந்த இடத்திலேயே, எல்லாருக்கும் கேட்க, ஒரே வசனம்: "இந்த வகுப்பில் அப்படிக் கூப்பிட விடமாட்டேன்." பிரசங்கம் வேண்டாம், பாடம் தொடரட்டும். இடைவேளையில் முதலில் பேச்சு வாங்கிய பிள்ளையைத் தனியே பார்ப்பது. 'உனக்கு எப்படி இருந்தது, எழும்பிச் சொல்லு' என்று வகுப்புக்கு முன்னால் நிறுத்தினால் அது இரண்டாவது அவமானம். அதற்குப் பிறகு சொன்னவனிடம், எங்கே கேட்டாய் என்று கேட்பது. பாதிப் பேர் வீடு என்பார்கள், மீதிப் பேர் டிக்டொக் என்பார்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அதன்பின் பாடசாலையில் நடப்பதைப் பதியும் சம்பவத்திரட்டில் எழுத வேண்டும்.

எழுதுவது என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னல் உடைந்தால் எழுதுவார்கள், மாடு உள்ளே வந்தால் எழுதுவார்கள். இதை எழுதினால் பாடசாலைக்குக் கெட்ட பெயராம்.

யூலை 15, செவ்வாய்

இன்று ஆசிரியர் அறை பற்றி. 2018இல் இந்த நகரத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிரச்சினை நாடு முழுக்கப் பேசப்பட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. அதைப் பேச எடுத்ததும் எல்லார் முகமும் இறுகியது. யார் சரி என்று தீர்க்க நான் வரவில்லை. பெரியவர்கள் பதாகையோடு நின்றதைப் பார்த்த பிள்ளைகள் எதைப் படித்திருப்பார்கள் என்பது மட்டும்தான் என் கேள்வி. பேச்சு பாதியிலேயே நின்றது. நின்றபடியே இருக்கட்டும்.

யூலை 17, வியாழன்

செய்து பார்க்க ஒரு கற்பித்தல் முறை கொடுத்தேன். 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பாடசாலையில் சேர்த்ததும் சண்டை மூண்டபோது எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. மற்றவன் வாய் திறந்தால்தான் என் பாடம் முழுமையாகும்.

நாங்கள் மகாவலியை எடுத்தோம். மலையில் பிறப்பது ஒருவருக்கு, அணைகள் ஒருவருக்கு, நெல் ஒருவருக்கு, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்வது ஒருவருக்கு. ஆசிரியர்களையே பிள்ளைகளாக்கி இருத்தினேன். மூதூர் சேருக்குக் குடா கிடைத்தது. அவர் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறிப் பள்ளிக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். குழுவில் இருந்த உவர்மலை டீச்சர் இவ்வளவு வருடம் பக்கத்தில் இருந்தும் இதைக் கேட்டதில்லையாம்.

கலப்பு வகுப்புகளுக்கு இது சரி. ஒரே இனப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற பாடசாலையில் என்ன செய்வதென்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வருடத்துக்கு ஒரு முறை மூன்று உடையில் மூன்று பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் படமெடுப்பது பதிலாகாது.

யூலை 23, புதன்

இன்றைய திகதியால் பேச்சு தானாகவே 1983க்குப் போனது. தரம் 10 பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

தமிழ்ப் பாடசாலையில் கறுப்பு யூலை தெரியும். முஸ்லிம் பாடசாலையில் 1990 ஓகஸ்ட் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை தெரியும், அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் தெரியும். சிங்களப் பாடசாலையில் 1985 மே அனுராதபுரப் படுகொலை தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் திகதியோடு மட்டும் வளர்கிறது. நான் சொன்னது இதுதான்: உங்கள் திகதியைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அதே குரலில், அதே வருத்தத்தோடு மற்றவர்களுடைய திகதி ஒன்றையாவது சொல்லுங்கள். செய்தவனின் குற்றத்தை வாங்கில் இருக்கிற அவன் இனத்துப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு சேர் கையெழுத்துப் போட்டுவிட்டு இடையில் எழும்பிப் போனார். அவருடைய குடும்பத்தில் யாரை இழந்தாரோ, நான் கேட்கவில்லை.

யூலை 29, செவ்வாய்

கிண்ணியா டீச்சர் தொலைபேசியில் பேசினார். வகுப்பில் ஒரு சொல் வந்ததாம், நிறுத்தினாராம், பிள்ளையிடம் தனியே பேசினாராம். சம்பவத்திரட்டைக் கேட்டால் அதிபர், "இதெல்லாம் எழுதுறதா டீச்சர்" என்று அலுமாரியைப் பூட்டிவிட்டார். டீச்சர் தன் பாடக்குறிப்பிலேயே திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த செயலமர்வுக்கு ஆசிரியர்கள் வேண்டாம், அதிபர்களை அனுப்புங்கள், வரும்போது சம்பவத்திரட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று. வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம் என்பதையும் அடிக்கோடிட்டிருக்கிறேன்.