ரெண்டு கமாவுக்கு நடுவுல ஒண்ணுமில்லன்னாலும் அது ஒரு ஃபீல்டு

பாம்பன்ல மாமா வள்ளத்துல ஒரு ஜிபிஎஸ் மாட்யூல் மாட்டி, அது அனுப்புற லைனையெல்லாம் அப்படியே எஸ்டி கார்டுல ஏத்திட்டு இருந்தேன், வல போட்ட எடத்த மேப்ல அவருக்கு காட்டணும்னு ரொம்ப ஆச. மொத நாளே பாத்துட்டு, "என்ன மாப்ள, போனது வடகடலு, இது தென்கடல்ல மனோலித்தீவு ஓரமா நிக்குதே"ன்னாரு.

ஜிபிஎஸ் பேசுறது என்எம்இஏ 0183-ங்கிற முறை, கமா போட்டு பிரிச்ச சாதா எழுத்துதான், ரெண்டு கமாவுக்கு நடுவுல உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. அதுல அட்சரேகை 0922.8000-னு வந்தா மொத ரெண்டு எழுத்து டிகிரி, மிச்சம் நிமிஷம், அத 60-ஆல வகுத்து டிகிரியோட கூட்டணும், அப்ப 9.38. நான் மொத்தத்தையும் 100-ஆல வகுத்து 9.228-னு போட்டேன், அதுலயே கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் தெக்க எறங்கிருச்சு. இது சட்டுன்னு சரியாயிருச்சு.

அடுத்தது தான் ரெண்டு ராத்திரி தூங்க விடல. வள்ளம் ஓடும்போது எல்லாம் சரி, வல போட்டு நிக்கும்போது மட்டும் திசை 140625 டிகிரின்னு வருது. எனக்கு வேண்டியதே அந்த நேரத்து பாயின்ட் தானே! கடைசியில எஸ்டி கார்டுல இருந்த லைன எடுத்து வரி வரியா பாத்தா, ஒரு துண்டு இப்படி இருக்கு:

0.1,,140625,,,ஏ

வேகம் 0.1 நாட் (கடல்ல வேகத்த அளக்குற அலகு), நிக்கிற வள்ளத்துக்கு திசை இல்லாததால மாட்யூல் அத காலியா விட்டுருக்கு, அடுத்தது தேதி, 14-06-25. சி மொழியில லைன துண்டு போட நான் எடுத்த ஸ்ட்ர்டோக் (strtok) ஃபங்ஷன் அடுத்தடுத்து வர்ற கமாவ ஒரே கமாவா எடுத்துக்கும், காலி ஃபீல்டு காணாமப் போயி தேதி திசை எடத்துல வந்து உக்காந்துருச்சு. அது போக கமா இருந்த எடத்துல, எழுத்து இதோட முடிஞ்சதுன்னு காட்டுற நல் (NUL) குறிய எழுதி ஒரிஜினல் லைனையும் கெடுத்துரும், அதனால தப்பான லைன பிரின்ட் போட்டுக்கூட பாக்க முடியல.

எல்லாத்தையும் ரஸ்ட்ங்கிற இன்னொரு மொழியில மாத்தி எழுதிட்டேன். மொதல்ல லைன் ஆரம்பிக்கிற $-க்கும் கடைசியில வர்ற *-க்கும் நடுவுல உள்ள எழுத்தயெல்லாம் எக்ஸார் (XOR, பிட் பிட்டா ஒப்பிடுற கணக்கு) பண்ணி, லைன் கெடாம வந்துச்சான்னு சொல்ற செக்சம் சரியான்னு பாக்குறேன், தேறலன்னா அந்த லைனே வேணாம். அப்புறம் கமாவுல ஸ்பிளிட், இது காலிய காலி ஸ்ட்ரிங்காவே குடுக்கும், எடம் மாறாது. (ஸ்பேஸ்ல பிரிக்கிற ஸ்பிளிட் ஒயிட்ஸ்பேஸ் அப்படியில்ல, அடுத்தடுத்த ஸ்பேஸ முழுங்கிரும், பாத்துக்கோங்க.) எல்லா ஃபீல்டையும் சேத்து வெக்கிற ஸ்ட்ரக்ட்ல திசைக்கு ஆப்ஷன் எஃப்64, அதாவது எண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், காலின்னா நன் (None). சும்மா 0 போட்டுறாதீங்க, 0-ன்னா நேர் வடக்கு, வள்ளம் வடக்க பாத்து போகுதுன்னு ஆயிரும்.

இப்ப நின்ன எடத்துலயெல்லாம் திசை கட்டத்துல ஒரு சின்ன கோடு மட்டும் வருது. மாமா அத வெரலால தொட்டு, "இங்கதான் வல கெடந்துச்சு"ன்னாரு.