ராத்திரியானால் மட்டும் மாறிப்போன எங்கள் நாய்க்குட்டி

மின்னிக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. பகலில் அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, நன்றாகச் சாப்பிடுவாள், விளையாடுவாள், விளையாடும்போதே பொம்மையை வாயில் வைத்தபடி தூங்கிவிடுவாள். நாங்கள் படுக்கப் போகிற நேரம் நெருங்கினால்தான் ஆளே மாறிவிடுவாள். காதைப் பின்னுக்கு மடக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, அறைக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்மண் தெரியாமல் ஓடுவாள். குறுக்கே போனால் காலைக் கவ்வுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழுந்தமாதிரியே இருக்காது. அப்புறம் மெத்தையைப் பறபறவென்று பிறாண்டுவாள், சுற்றிச் சுற்றி வருவாள், படுப்பாள், எழுந்திருப்பாள், வேறு மூலைக்குப் போவாள், திரும்ப வந்து படுப்பாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கிய பிறகு நடந்ததுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. நான்கு காலும் வெட்டிவெட்டி இழுக்கும். உதடு துடிக்கும். கண் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரியும். மூச்சு திடீரென்று வேகமாகும், நடுவில் ஒரு நொடி நிற்கிற மாதிரி இருக்கும், வாயைத் திறக்காமலேயே 'ம்ம்... ம்ம்' என்று முனகுவாள். முதல் தடவை பார்த்தபோது என் மனதுக்கு வந்த ஒரே வார்த்தை வலிப்பு. அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "குட்டிக்கு என்னவோ பண்ணுதுடி, தூக்கு, தூக்கு" என்றார். தூக்கப் போன கையை எது தடுத்தது என்று தெரியவில்லை, "மின்னி" என்று மெல்லக் கூப்பிட்டேன். உடனே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், வாலை இரண்டு தட்டு தட்டினாள், மறுபடி தூங்கிவிட்டாள்.

கூப்பிட்டதும் விழித்தது எவ்வளவு பெரிய தகவல் என்பது பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ராத்திரி ஃபோனில் தேடத் தேட ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியது. காலையில் ஒரு முடிவுக்கு வந்தோம்: தேடுவதை நிறுத்திவிட்டு, மின்னியையே கவனிப்பது. ஒரு நோட்டில் எழுதினோம். ஓட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள், பகலில் எப்போதெல்லாம் தூங்கினாள், கடைசியாக எப்போது சாப்பிட்டாள், எப்போது சிறுநீர் போனாள். துடிப்பு வந்தபோதெல்லாம் வீடியோ எடுத்தோம். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்பதால் டார்ச்சைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, அந்த வெளிச்சத்திலேயே முகமும் நான்கு காலும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்தோம். ஒரு வீடியோவில், துடிப்பு நடக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் எழுகிறாளா என்பதையும் பதிவு செய்தோம். டாக்டர் முன்னால் எந்தக் குட்டியும் ராத்திரி செய்ததைச் செய்து காட்டாது. நம் வாய்வார்த்தையில் 'கால் இழுத்தது' என்று சொன்னால் அது கனவாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். அதனால் இதே கவலையில் இருக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் வீடியோ மட்டும் எடுத்துவிடுங்கள்.

மூச்சையும் எண்ணினோம். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. துடிப்பு இல்லாமல், அசையாமல் ஆழ்ந்து தூங்கும்போதுதான் எண்ண வேண்டும், கனவு நேரத்தில் எண்ணினால் தாறுமாறாகத்தான் வரும். வளர்ந்த நாய்க்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள், குட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மின்னியின் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்ததே பாதி தைரியம் தந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தோம், நல்ல இளஞ்சிவப்பு. வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது.

டாக்டர் வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்தார், சிலவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். "இது கனவும்மா, வலிப்பு இல்ல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவசரப்படாமல் விளக்கினார். நாய் தூங்க ஆரம்பித்து சுமார் 20 நிமிடத்தில் கனவு வரும் தூக்கத்துக்குள் போகிறது. மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும், மூச்சு சீர் மாறும். அந்த நேரத்தில் உடம்பு எழுந்து ஓடிவிடாமல் தசைகளை அடக்கி வைக்கிற வேலை மூளையின் அடிப்பகுதியில் நடக்கிறது. குட்டிகளுக்கு அந்தப் பகுதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் கால் உதறுவது, உதடு துடிப்பது, முனகுவது எல்லாம் வெளியே கசிந்துவிடும். வளர வளரக் குறையும்.

அப்படியானால் வலிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கனவில் துடிப்பு விட்டுவிட்டு வரும், உடம்பு தளர்வாக இருக்கும், கூப்பிட்டால் விழித்து உடனே தன் நிலைக்கு வந்துவிடும். வலிப்பில் கைகால் விறைக்கும், தாடை இறுகும் அல்லது மெல்லுகிற மாதிரி அசையும், எச்சில் வழியும், தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போய்விடலாம், கூப்பிட்டால் பதிலே இருக்காது, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தள்ளாடும், நம்மை அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அது அவசரம், எந்த மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். வலிப்பு நேரத்தில் வாய்க்குள் கையையோ ஸ்பூனையோ விடக் கூடாது, பக்கத்தில் இடிக்கிற பொருள்களை நகர்த்தினால் போதும். ரொம்பச் சின்ன இனத்துக் குட்டிகளுக்கு வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, துவண்டு, தள்ளாடி, நடுங்கி, வலிப்பே வரலாம் என்றும் சொன்னார். மின்னி அந்த இனமில்லை. இருந்தாலும் கடைசி சாப்பாடு எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கனவு காணும்போது தொட்டு எழுப்பாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். எவ்வளவு சாதுவான நாயும் தூக்கத்தின் நடுவில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம். எழுப்பியே ஆக வேண்டுமென்றால் தள்ளி நின்று குரல் கொடுத்தால் போதும்.

அப்புறம் அந்த ஓட்டம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பகல்ல இவ்வளவுதான் தூங்குதா?" இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரம், 20 மணி நேரம்கூடத் தூங்கும், தூங்க வேண்டும். எங்கள் நோட்டில் அதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. வீட்டுக்கு ஆள் வந்த நாட்களில் இன்னும் மோசம். யாராவது தூக்கிக் கொஞ்சுவார்கள், யாராவது பந்தைப் போடுவார்கள், அவளும் கண் சொருகச் சொருக எழுந்து ஓடுவாள். அதே நாட்களில்தான் ராத்திரி ஆட்டமும் அதிகம். தூக்கத்துக்குத் தவிக்கிற கைக்குழந்தை தூங்காமல் வீறிட்டு அழுமே, அதே கதைதான். இன்னும் ஆடவிட்டுக் களைப்பாக்கினால் தூங்கிவிடும் என்று பலரும் யோசனை சொல்கிறார்கள், என் அனுபவத்தில் அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. படுக்கையைப் பிறாண்டுவதும் சுற்றி வந்து படுப்பதும் நாய்களின் பழைய பழக்கம், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். சில குட்டிகள் போர்வை நுனியை வாயில் வைத்து பால் குடிக்கிற மாதிரி சப்பும், அதுவும் அப்படித்தான், துணியைக் கிழித்து விழுங்காதவரை விட்டுவிடலாம்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்போம். நோட்டில் இன்னொரு வரி அவர் கண்ணில் பட்டது. 'சிறுநீர்' என்ற இடத்தில் ராத்திரி நேரங்கள் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தன. "எழுந்து எழுந்து மூலைக்குப் போகுதுன்னு சொன்னீங்களே, அங்க என்ன செய்யுது?" என்று கேட்டார். ஒரு வீடியோவின் கடைசியில் அதுவும் பதிவாகியிருந்தது. மின்னி குந்துகிறாள், நிறைய நேரம் குந்தியே இருக்கிறாள், எழும்போது தரையில் சில சொட்டு, உடனே திரும்பி அந்த இடத்தை நக்குகிறாள். படுத்துச் சில நிமிடத்தில் மறுபடி அதே மாதிரி.

குட்டிக்கு அடக்கத் தெரியாதே, அதனால்தான் என்று யாருமே நினைக்கக்கூடிய விஷயம். ஒரு பொதுக்கணக்கு உண்டு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்வரை அதிகபட்சம் அடக்கும் என்று. மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம் தாங்குவதே பெரிது. ஆனால் அடக்க முடியாத குட்டி போனால் ஒரே மூச்சில் நிறையப் போகும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவதும், போன பிறகு விடாமல் நக்குவதும் வேறு. பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்த்தொற்று சுலபமாக வரும் என்று சொல்லி, சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

முதலில் காலையில் போகும் முதல் சிறுநீரை நாமே பிடித்துவரச் சொன்னார். அகலமான தட்டையான பாத்திரத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அவள் குந்தியதும் பின்பக்கமாக நைசாக நீட்ட வேண்டும். கேட்க எளிது. பாத்திரத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்து அதை மோந்து பார்த்தாள், சிறுநீர் புல்லுக்குப் போய்விட்டது. பிறகு முன்பக்கம் அம்மா நின்று பேச்சுக் கொடுக்க, நான் பின்னாலிருந்து பிடித்தேன். அதில் தொற்றின் அறிகுறி தெரிந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்று வழியாக மெல்லிய ஊசியால் நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். கீழே பிடிக்கிற சிறுநீரில் தோலில் இருக்கிற கிருமியும் சேர்ந்துவிடும் என்பதால் இப்படி. அந்த ஊசியை நினைத்து நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, மின்னி ஒரு தடவை சிணுங்கியதோடு சரி.

மருந்து ஆரம்பித்துச் சில நாட்களிலேயே ராத்திரி எழுவது குறைந்துவிட்டது. குறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த நாள்வரை முழுதும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய கிருமி திரும்பி வந்து அடுத்த முறை மருந்துக்கும் கட்டுப்படாமல் போகலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நாய் வலியில் இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் நாம் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையை, காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், பாராசிட்டமாலும் ஆபத்து.

ஓட்டத்துக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை, பகல் தூக்கம்தான் மருந்து. ஏறக்குறைய ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து தூங்க வைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அவள் கூண்டை ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றி, மேலே ஒரு துணியைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்தோம். யார் வந்தாலும் தூங்குகிற குட்டியை எழுப்பக் கூடாது என்று அம்மாவே காவல் நின்றார். சாயங்காலத்துக்குப் பிறகு பந்து, துணி இழுத்து விளையாடுவது எல்லாம் நிறுத்தம். அதற்குப் பதிலாகத் துண்டு ஒன்றில் அவள் உணவில் கொஞ்சத்தைச் சுருட்டி வைத்துத் தேடி எடுக்க விடுவோம். மோந்து தேடுவது குட்டியை நன்றாகவே அமைதிப்படுத்துகிறது, ஓடவிடுவதைவிட எவ்வளவோ மேல். பிறகு மெல்லிய வெளிச்சம், ஒரு தடவை வெளியே போய்ச் சிறுநீர், நேராகப் படுக்கை. தினமும் இதே வரிசை. அப்படியும் சில ராத்திரி ஓட்டம் வந்துவிடும். அப்போது துரத்துவதில்லை, அதட்டுவதில்லை, கூர்மையான முனை உள்ள பொருள்களை மட்டும் நகர்த்திவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவோம், சில நிமிடத்தில் தானே அடங்கும்.

கூண்டை ராத்திரி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததைச் சிலர் குறை சொன்னார்கள், கெட்ட பழக்கம் ஆகிவிடுமாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் ஒட்டிப் படுத்துத் தூங்கிய குட்டி அது. புது வீட்டில் இருட்டில் தனியாக அழவிட்டு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? பக்கத்தில் இருந்ததால்தான் மூலைக்குப் போகிற சத்தமே எங்களுக்குக் கேட்டது.

வயிறு உப்பிப்போய், வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே நிலைகொள்ளாமல் அலைந்தால் அது வேறு கதை, முக்கியமாக நெஞ்சு ஆழமான பெரிய இன நாய்களுக்கு. அதற்கு நோட்டும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம், உடனே ஓட வேண்டும்.

மருந்து முடிந்த பிறகு மறுபடி சிறுநீர் கொடுத்துப் பார்த்தோம், தொற்று போய்விட்டிருந்தது. மின்னி இப்போது விடியற்காலைவரை தூங்குகிறாள். கனவில் கால் இன்னும் உதறுகிறது, அம்மா மட்டும் இன்னமும் "மின்னிம்மா" என்று ஒரு குரல் கொடுத்து, அவள் கண் திறக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறார். பால்பல் விழ ஆரம்பித்திருக்கிறது. 28 பல்லும் விழுந்து 42 முளைக்க வேண்டும், ஆறேழு மாதம்வரை அந்த வேலை நடக்கும் என்கிறார் டாக்டர். ராத்திரி கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தால் குளிரவைத்த ரப்பர் பொம்மை கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதற்காக ஒன்றைக் கழுவி ஃபிரிட்ஜில் போட்டு வைத்திருக்கிறோம்.