வெள்ளகெவிக்கு ஒரு இனிஷியல் தூரம்

கொடைக்கானலுக்குக் கீழே காட்டுக்குள் இருக்கும் வெள்ளகெவி கிராமத்துக்கு மூன்றாவது முயற்சியில்தான் நடந்து போய் வந்தோம், நானும் என் மகனும். அவனுக்கு 28, எனக்கு 61. இன்றோடு நாலு நாளாகிறது, மாடிப்படியில் இன்னும் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குகிறேன். ஆனால் முழங்கால் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் காகிதத்தின் மேல்தான்.

முதல் முயற்சி 2025 மார்ச். மழை இருக்காது, கூட்டம் இருக்காது என்று நான் குறித்த நாள். மகன் லீவு போட்டு, சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் திண்டுக்கல் வந்து, ரெண்டு பேரும் பஸ் பிடித்து கொடைக்கானல் போய், நடை தொடங்கும் வட்டக்கானலில் விசாரித்தால், காடு மூடியிருக்கிறது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம், மலையேற்றம் கிடையாது. கேட்டதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்ததை டிவியில் பார்த்து அழுதவள், அதே மார்ச்சில் காய்ந்த புல்லுக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பியிருக்கிறேன். ஏரியைச் சுற்றி நடந்தோம், பஜ்ஜி தின்றோம், பஸ் ஏறினோம்.

இரண்டாவது அக்டோபர். மழை, ரத்து. முந்தின நாளே சொல்லிவிட்டார்கள், அந்த மட்டும் புண்ணியம்.

இந்த ஜனவரியில் காரில் போனோம். மகன் கூடாரம் வாங்கியிருந்தான், அதனால் கார். கார் என்றால் இ-பாஸ் வேண்டும், மலை ஏறும் வண்டிக்கான ஆன்லைன் அனுமதிச் சீட்டு. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை, அதனால் எங்களுக்குப் பழக்கமும் இல்லை. காசு கிடையாது, போனிலேயே எடுத்துவிடலாம். மகன் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டான். சோதனைச் சாவடியில் ஸ்கேன் பண்ணிய பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அம்மா, இது ஊட்டி பாஸு."

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே இணையதளம். எந்த மலை என்று கேட்கும் இடத்தில் கை தவறியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி வேறு எடுத்தோம். அதற்குள் பின்சீட்டில் இருந்த தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துவிட்டார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நான் வத்தலக்குண்டில் ஒரு பெட்டியே வாங்கிப் போட்டிருந்தேன், 12 பாட்டில். 240 ரூபாய். வீட்டில் எவர்சில்வர் தூக்கும் செம்பும் சும்மா கிடக்கின்றன. நீங்களாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கூடாரம். காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குத் தங்க முடியாது என்பதால், தனியார் இடம் ஒன்றில் கூடாரம் அடிக்க மகன் 3,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தான். போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு, பூட்டின் மேல் நோட்டீஸ். அனுமதி வாங்காமல் நடத்தியிருக்கிறார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை. பணம் அனுப்புவதற்கு முன்னால், அனுமதிக் கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினார்கள் என்றால் விட்டுவிடுங்கள். தாலுகா ஆபீஸில் 31 வருஷம் வேலை பார்த்தவளுக்கே இது தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

இருட்டியபிறகு ஒரு வீட்டில் அறை கிடைத்தது. மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்கார அக்கா, "மொட்டை மாடியில போட்டுக்கங்க தம்பி, ஆசைக்கு" என்றார். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியுமா? நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்துக் கட்டினோம். எங்கள் மூச்சே உள்பக்கத் துணியில் பனியாகப் படிந்து ஒரு மணிக்குச் சொட்ட ஆரம்பித்தது. ரெண்டு மணிக்கு நான், "டேய், நான் கீழே போறேன்" என்றேன். அவன் எனக்கு முன்னால் இறங்கிவிட்டான்.

இனி நடைக்கு அனுமதி முத்திரை வாங்கும் கவுன்டர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவரும் என் ஜாதிதான், அரசாங்க ஜாதி.

காலை ஏழு மணி. மகன் முன்பே பதிவு செய்து எடுத்த சீட்டையும் என் ஆதாரையும் நீட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சீட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுசாக.

"ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படிங்கம்மா எடுத்துக்கிறது?"

"போட்டோ இருக்கே தம்பி."

"போட்டோ சரி. பேரு?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை, இதே குரலில், எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! பட்டா மாற்ற வந்த பாட்டிகள், முதியோர் பென்ஷன் வாங்க வந்த தாத்தாக்கள். அடுத்து அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். சொன்னார்: "ஒரே நபர்தான்னு சான்று வாங்கிட்டு வாங்க." அதையும் நான் சொல்லியிருக்கிறேன்.

மகன் சத்தம் போட ஆரம்பித்தான். அவனை வெளியே அனுப்பினேன். கவுன்டரில் சத்தம் போட்டால் பைல் கீழே போய்விடும், அது எங்களுக்குத் தெரியும். நின்று யோசித்தேன். டிரைவிங் லைசென்ஸ்! கல்யாணம் ஆன பிறகும் என்னுடையதில் அப்பா பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஆதாரில் உள்ள பெயரும் அதில் இருக்கிறது, இனிஷியலுக்கு உரிய அப்பாவும் இருக்கிறார். அட்டை பீரோவில், பீரோ திண்டுக்கல்லில். ஆனால் மகன் போன வருஷமே என் போனில் டிஜிலாக்கர், அதாவது சான்றுகளைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் அரசாங்க ஆப், போட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே சிக்னல் இல்லை. எதிர் டீக்கடைச் சுவரோரம் ஒரு புள்ளி வந்தது. ஓடிபி வந்து சேர பத்து நிமிடம்.

கொண்டுபோய்க் காட்டினால், "ஒரிஜினல் வேணும்மா."

அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. டிஜிலாக்கரிலிருந்து காட்டினால் அசலுக்குச் சமம் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது தம்பி, வேண்டுமானால் மேலே கேளுங்கள் என்றேன். யாருக்கோ போன் போட்டார். "ம்... ம்... சரிங்க சார்." முத்திரை விழுந்தது. முக்கால் மணி நேரம் போயிருந்தது. பதிவு செய்யும்போது பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே, புள்ளி பிசகாமல் போடுங்கள். உங்கள் பிள்ளையை நம்பாதீர்கள்.

நடையைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறக்கம், வேர்கள், ஈரக் கல். ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று வழியை அடைத்து நின்றது. வழிகாட்டித் தம்பி கையை நீட்டி நிறுத்தி, "அதுவா போவும்மா" என்றார். கால் மணி நேரம் கழித்து, அதுவாகப் போனது.

வெள்ளகெவி ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. ஊர் நிறையக் கோயில்கள், ஊரே கோயில் மாதிரி. நான் ரப்பர் செருப்பில் வந்ததால் சட்டென்று கழற்றிவிட்டேன். மகன் 6,000 ரூபாய் ஷூவின் நனைந்த கயிற்றோடு உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தான். லேஸ் வைத்த ஷூ வேண்டாம் என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வெறுங்காலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து குடித்த கடுங்காப்பிக்கு இந்த மூன்று பயணமும் தகும்.

அப்படியே கும்பக்கரைக்கு இறங்கிப் பெரியகுளத்தில் பஸ் ஏறிவிடலாம் என்று மகன் ஆசைப்பட்டான். எங்கள் அனுமதி வெள்ளகெவி போய்த் திரும்புவதற்கு மட்டும்தான், காரும் மேலேதான் நின்றது. ஏறினோம். பாதியில் அவனுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன், அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பிய நேரத்தைப் பதிய அதே அலுவலகம், அதே ஆள். பேரேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு கேட்டேன்:

"எந்த இனிஷியல் போடட்டும் தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ரெண்டையும் போட்டுடுங்கம்மா" என்றார்.