கடிபட்ட இலைகளைப் பார்த்துப் பதறாதீர்கள்

தெருவில் சும்மா கிடக்கும் ஒரு துண்டு நிலத்தைப் பட்டாம்பூச்சிகளுக்காகச் சீர்செய்ய அக்கம்பக்கத்தார் கூடினால், முதல் வேலையாக நாற்று வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் மாதம் எதையும் நடவோ பிடுங்கவோ வேண்டாம். அங்கே ஏற்கெனவே என்னென்ன வாழ்கின்றன என்று எண்ணுங்கள். குப்பைச் செடி என்று வெட்டி எறியப்படும் எருக்கில்தான் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது.

எண்ணுவதற்குப் பிரிட்டனில் 1976 முதல் தேசிய அளவில் பின்பற்றப்படும் முறையே போதும். ஒரே பாதையில், ஒரே சீரான நடையில் போக வேண்டும். இருபக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர். இந்தப் பெட்டிக்குள் தெரிவதை மட்டுமே குறிக்க வேண்டும். வெயில் உள்ள, காற்று அதிகம் வீசாத வேளையாகப் பாருங்கள். இருவர் இருவராகப் போவது நல்லது: ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம், உட்கார்ந்திருந்த செடி என மூன்று படம் எடுத்து வைத்தால் பிறகு கூடி உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம். அப்படிக் கூடும்போதுதான் நிறையக் கற்றுக்கொள்கிறோம்.

செடித் தேர்வில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. தேன் தரும் பூச்செடிகளை மட்டும் நட்டால் பட்டாம்பூச்சி வரும், குடிக்கும், போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமானால் புழு தின்னும் செடி வேண்டும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ‘அழகி’ வகைப் பட்டாம்பூச்சிகளுக்கு. ஆமணக்கு, ஆவாரை, கொன்றை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விருந்தாளிகள். உண்ணிச்செடியில் பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். தான் பரவும் இடத்தில் மற்ற செடிகளை அது நெருக்கித் தள்ளிவிடும்.

ஒவ்வொரு இனத்திலும் ஒன்று நட்டு அலங்கரிக்காமல், ஒரே இனத்தில் ஐந்தாறாகச் சேர்த்து நடுங்கள். வளர்ந்த நாலைந்து புழுக்கள் ஒரு சிறு எலுமிச்சைக் கன்றை மொட்டையடித்துவிடும். பக்கத்தில் வேறு கன்று இல்லாவிட்டால் பட்டினிதான். குழி வேர்க்கட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் அதே அளவுதான். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். பைக்குள் சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள். மழைக்காலத் தொடக்கமே சரியான நேரம். இலைச்சருகு மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர். தண்டை ஒட்டிக் கொட்டக் கூடாது. வெயில் படும் ஓரிடத்தை மூடாக்கு இல்லாமல் வெறும் மண்ணாகவே விடுங்கள். தனியாக வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில்தான் கூடமைக்கின்றன. எருக்கைத் தொட்டபின் கை கழுவுங்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இனி மனிதர்கள். இலையில் ஓட்டை விழுந்ததுமே யாராவது மருந்தடிக்க வருவார்கள். இலை கடிபடுவதற்காகத்தான் அந்தச் செடியை வைத்தோம் என்பதை நடும் முன்பே எல்லா வீட்டிலும் சொல்லியாக வேண்டும். எலுமிச்சைப் புழு இளம் பருவத்தில் பறவை எச்சம் போலவே இருக்கும், பிறகு பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் விடும்; மனிதருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. இதை ஒருமுறை நேரில் பார்த்த குழந்தை அடுத்த முறை மருந்துக் குப்பியைத் தடுக்கும். பல புழுக்களைப் பறவையும் குளவியும் கொண்டுபோகும். அதற்காக வலை கட்டாதீர்கள், அவற்றுக்கும் அது இரை.

கத்தரிக்கும்போது முழுப் பாத்தியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது, கூட்டுப்புழுக்கள் மொத்தமாகப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும், அதையும் தண்டு, இலையடியெல்லாம் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய கிளைகளைச் சில வாரம் பாத்தி ஓரத்திலேயே போட்டு வையுங்கள். கண்ணுக்குத் தப்பிய கூடுகளிலிருந்து பூச்சி வெளிவர அந்த அவகாசம் போதும்.