மூணு மாசம், ரெண்டு டப்பா, ஒரு மீன் பெட்டி

முதல் டப்பா கூரியர் ஆபீஸிலேயே செத்துப்போனது. உள்ளே இருந்த பாக்டீரியாவைச் சொல்கிறேன்; எடை குறையட்டும் என்று வரவழைத்த புரோபயாடிக் மாத்திரை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி அடைத்தது. மே மாதம், கத்திரி வெயில், தகரக் கூரை, மூன்று நாள். அட்டையில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கூடவே வைத்திருந்த ஜெல் பையைத் தொட்டால் ஒத்தடம் கொடுக்கலாம் போல இருந்தது. விற்றவர்களுக்குப் போன் போட்டால், "சீல் உடையலைல்ல சார், அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று பதில். சீலுக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்? பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணமும் திரும்ப வராது என்றார்கள்.

மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் இருப்பவர்கள் குளிரில் வைக்க வேண்டிய புரோபயாடிக்கை மார்ச் முதல் செப்டம்பர் வரை கூரியரில் வரவழைக்காதீர்கள். வந்தே தீரும் என்றால் ஜெல் பை சில்லென்று இருக்கிறதா என்று டெலிவரி ஆள் முன்னாலேயே, வீடியோ எடுத்துக்கொண்டு பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை தொடங்குமுன் செய்த சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் டாக்டரைப் பார்த்ததும் ஒரே காலையில் முடிந்தன. சிக்கல் மருந்துக் கடையில் தொடங்கியது.

"எடை குறைய புரோபயாடிக்" என்று கேட்டால், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது பேசில்லஸ் கிளாசி என்கிற பாக்டீரியா, 200 கோடி ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலையில். ஸ்போர் என்பதால் நம்ம ஊர் வெக்கையையும் தாங்கும், அதன் வேலையையும் ஒழுங்காகப் பார்க்கும். ஆனால் தொப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னொரு கடையில் "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்" போட்ட மாத்திரை. அது பேசில்லஸ் கோயாகுலன்ஸின் தப்பான பழைய பெயர், இன்னும் அட்டைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அட்டையில் பெயர் மூன்று துண்டாக இருக்க வேண்டும்: பேரினம், இனம், கடைசியில் ஸ்ட்ரெய்ன் எண், அதாவது அந்த இனத்துக்குள் எந்தக் குறிப்பிட்ட வகை என்பது. வெறும் "லாக்டோபேசில்லஸ்" என்றிருந்தால், "ராமநாதபுரம்" என்று மட்டும் எழுதித் தபால் போட்ட மாதிரி. ஆய்வு நடந்தது அந்தக் கதவு எண்ணுக்கு. பக்கத்து வீட்டுக்கு அந்தப் பலன் பொருந்தாது. இதில் குழப்பம் வேறு: 2020இல் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைப் பிரித்து மறுபெயர் வைத்தார்கள். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ். இரண்டும் ஒன்றுதான், புதுச் சரக்கு என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து எண்ணிக்கை. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி சிஎஃப்யு, அதாவது உயிரோடு வளரக்கூடிய கிருமி, இருந்தால் போதும். எடை தொடர்பான ஆய்வுகளில் கொடுத்த அளவு எங்கேயோ இருக்கிறது. பின்லாந்தில் பிஃபிடோபாக்டீரியம் பி420 ஒரு நாளைக்கு 1,000 கோடி கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பொடி எழுத்தைப் பாருங்கள். தயாரித்த நாளுக்கு என்றால் உங்கள் கைக்கு வரும்போது எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

சரி, எல்லாம் சரியாக அமைந்தாலும் எவ்வளவு குறையும்? 2010இல் ஜப்பானில் 87 பேரை வைத்து நடந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் காசெரி எஸ்பிடி2055 சேர்த்துப் புளிக்க வைத்த பாலை தினம் 200 கிராம், 12 வாரம் கொடுத்தார்கள். வயிற்றின் உள்கொழுப்புப் பரப்பு 4.6% குறைந்தது, எடை 1.4%. 80 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோ சொச்சம். "ஒரே மாசத்தில் 8 கிலோ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இரண்டாவது டப்பாவை மதுரையில், ஃபிரிட்ஜில் வைத்து விற்கிற கடையில் வாங்கினேன். கடைக்காரரிடம் பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் தருவதில்லை. பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்கு மீன் கொண்டுபோகிற தெர்மோகோல் பெட்டி அருமையாக உதவியது. நொறுக்கிய ஐஸை மட்டும் போடாதீர்கள். உருகி அட்டை நனைந்தால் வேலை கெட்டது. ஜெல் பையைச் செய்தித்தாளில் சுற்றி ஓரத்தில், மருந்தை மூடி போட்ட டப்பாவில் நடுவில். பெட்டியை முதல்நாளே சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கவில்லை என்றால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

கடற்கரையில் வெயிலைவிட ஈரக்காற்று மோசம். காய வைத்து உறங்கப்போட்ட பாக்டீரியா அது; ஈரம் பட்டால் விழிக்கும், தின்ன ஒன்றும் இல்லாமல் சாகும். பாட்டிலில் வருவதை தினம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால், ஒவ்வொரு தடவையும் உள்ளே வியர்க்கும். அதனால் ஒவ்வொரு மாத்திரையும் தனியாக இருக்கிற அலுமினிய ஸ்ட்ரிப்தான் நமக்குத் தோது. ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் தாங்கும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, காப்ஸ்யூலைப் பாலில் கொட்டித் தயிராகிறதா என்று சோதிக்கச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ராம்னோசஸ் ஜிஜி என்கிற பிரபலமான வகையால் பால் சர்க்கரையைப் புளிக்க வைக்கவே முடியாது, உயிரோடு இருந்தாலும் பால் பாலாகவே நிற்கும். மாறாக, பாத்திரத்தில் நேற்றைய தயிர் ஒட்டியிருந்தால் செத்த மாத்திரையும் தயிராக்கிக் காட்டும்!

விழுங்குவது சாப்பாட்டோடு, வெறும் தண்ணீரில். கொதிக்கிற கஞ்சியிலோ டீயிலோ கலக்கக் கூடாது. முதல் வாரம் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பயப்பட வேண்டாம். ஆன்டிபயாடிக் எடுத்தால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்ணாவது) வந்தவர்களும் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில், 2008இல் வெளியானது, கொடுத்தவர்களில்தான் சாவு அதிகம்.

"பழைய சோறு இருக்க மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். பழைய சோற்றில் நல்ல கிருமி உண்டு, குடலுக்கு நல்லதுதான். எந்த ஸ்ட்ரெய்ன், எத்தனை கோடி என்று சொல்ல முடியாது, அவ்வளவே. ஆனால் கும்பா நிறையச் சோறும் கருவாடும் சேர்த்தால் எடைக் கணக்கு வேறு திசையில் போகும். கிருமிக்குத் தீனி நார்ச்சத்து: சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, தை மாதம் கிடைக்கிற பனங்கிழங்கு. கிழங்கில் மாவும் உண்டு, ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துவிட்டுத் தின்னுங்கள். பதநீர் சர்க்கரைத் தண்ணீர்தான், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

12 வாரத்தில் இடுப்புச் சுற்று 2 செ.மீ. இறங்கியது. தராசைவிட டேப்பைத்தான் நம்பினேன்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் நம்மவர்களுக்கு ஆபத்து எல்லை. மாத்திரையாலா, ராத்திரி பரோட்டாவை நிறுத்தியதாலா? இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியது தப்பு, பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போனது. நீங்கள் சாப்பாட்டை முதலில் மாற்றுங்கள், ஒரு மாதம் டேப்பில் குறித்து வையுங்கள், பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள். அதே ஜப்பான் ஸ்ட்ரெய்னை 2013இல் 210 பேரிடம் பார்த்தபோது, நிறுத்திய 4 வாரத்திலேயே பலன் மங்கத் தொடங்கியது. ஆக மூன்று மாதச் செலவு என்று நினைத்து இறங்காதீர்கள், வருஷக் கணக்கில் பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.